மறுநாளின் கணக்கு

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள். திருவழிபாட்டு நாட்காட்டியில் திருக்குடும்ப விழா. அன்று காலைத் திருப்பலிகளில் வாசிக்கப்பட்ட நற்செய்தி மத்தேயு இரண்டாம் அதிகாரத்தில் வரும் எகிப்துப் பயணம். குழந்தையையும் அதன் தாயையும் அழைத்துக்கொண்டு யோசேப்பு இரவோடு இரவாக ஊரை விட்டு வெளியேறிய செய்தி அது. அதை வாசித்த ஒலி அடங்கும் முன்னரே, நாகையிலிருந்து குமரிவரை நம் கடற்கரைக் குடும்பங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடின. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அவர்களுள் 6,000-க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தவர்.

இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்த ஆண்டுகளில் பங்குகளும், துறவற சபைகளும், மறைமாவட்டங்களின் சமூகப் பணி மையங்களும் வெளியிட்ட நினைவு மலர்களும் அறிக்கைகளும் என்னிடம் ஒரு பெட்டி நிறைய உள்ளன. அவற்றை இலக்கியமாக எவரும் கருதுவதில்லை. திறனாய்வு செய்யத் தக்கவை என்றும் எண்ணுவதில்லை. ஆயினும் ஒரு சமூகம் தன் துயரத்தையும் தன் இரக்கத்தையும் எவ்வாறு எழுதி வைத்திருக்கிறது என்று அறிய வேறு ஏடு நம்மிடம் இல்லை. ஆகவே அவற்றை நூல்களாகவே படித்துப் பார்த்தேன். இக்கட்டுரை அந்த வாசிப்பின் விளைவு.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் சில நாட்களைப் பற்றி இம்மலர்கள் கூறுபவை பெரும்பாலும் உண்மை. சில இடங்களில் குறைத்தே கூறுகின்றன. ஆலயங்களும் பள்ளிகளும் அன்றே திறக்கப்பட்டன. குளச்சலிலும், கொட்டில்பாட்டிலும், கீழமணக்குடியிலும் இறந்தோரைக் கூட்டமாக அடக்கம் செய்த கைகள் பங்கு மக்களின் கைகள்; அருட்சகோதரியரின் கைகள். எந்தச் சமயத்தவர் என்று கேளாமல் கஞ்சி ஊற்றினார்கள். அதை எழுதும்போது மலர்களின் நடையும் எளிமையாகி நிற்கிறது, அடைமொழிகள் உதிர்ந்துவிடுகின்றன. அந்தப் பக்கங்களை இன்று படித்தாலும் நெஞ்சு கனக்கிறது.

ஒரு குறை மட்டும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. வேளாங்கண்ணியில் கடல் ஆலயத்தைத் தொடாமல் நின்றதைப் புதுமை என்று எழுதாத ஏடு அரிது. ஆலயம் மேட்டில் இருக்கிறது. உள்ளே இருந்தோர் பிழைத்தனர். அதற்காக நன்றி கூறுவது தகும். ஆனால் அதே நேரத்தில், அதே அன்னையை நாடி வந்து கடற்கரையில் நின்ற திருப்பயணிகள் நூற்றுக்கணக்கில் மடிந்தனர். அவர்களுடைய உறவினரும் இம்மலரைப் படிப்பர் என்று நினைத்திருந்தால், எழுதிய கை சற்றுத் தயங்கியிருக்கும்.

அடுத்து வருவது மறுவாழ்வுப் பகுதி. இங்கேதான் நடை மாறுகிறது. இடப் பக்கத்தில் இடிந்த சுவரின் படம். வலப் பக்கத்தில் வண்ணம் பூசிய புது வீடு. நடுவில் ஒருவர் சாவியைக் கொடுக்க, ஒருவர் பெற்றுக்கொள்கிறார். வாக்கியங்களும் அப்படத்தைப் போலவே அமைகின்றன. மீனவர்களுக்குப் படகுகள் வழங்கப்பட்டன. கைம்பெண்களுக்குத் தையல் எந்திரங்கள் வழங்கப்பட்டன. மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கப்பட்டது. பக்கம் பக்கமாகத் தேடினாலும் மீனவர் எழுவாயாக வரும் வாக்கியம் கிடைப்பது அரிது. கொடைப் பொருளில் வரும் நான்காம் வேற்றுமையிலேயே அவர் நின்றுகொண்டிருக்கிறார். அவர் எதையும் செய்வதில்லை, கேட்பதில்லை, மறுப்பதில்லை. அவருக்கு ஒரு பெயரும் இட்டிருக்கிறோம்: பயனாளி. கடலின் நீரோட்டத்தையும் காற்றின் போக்கையும் கண்ணால் அளந்து தொழில் செய்பவருக்கு, ஏட்டில் எஞ்சிய பெயர் அது ஒன்றே.

இலக்கணத்தில் தோன்றும் குறை வாழ்க்கையிலும் தோன்றியது. நாகைச் சாலையோரங்களில் குவிந்து கிடந்த பழந்துணிகளை அந்நாளில் சென்ற எவரும் மறந்திருக்க மாட்டார்கள். உடுத்திக் களைந்ததை அனுப்பினோம். மானமுள்ள மக்கள் அதைத் தொடவில்லை. மழையில் நனைந்து மட்கிய அத்துணிகளைப் பற்றி எந்த மலரும் ஒரு வரி எழுதவில்லை. தார்த்தகடுகளால் கட்டிய தற்காலிகக் குடியிருப்புகள் சித்திரை வெயிலில் உலையாகின. 2005-ஆம் ஆண்டின் ஐப்பசி, கார்த்திகை மழையில் குளங்களாகின. அதுவும் எழுதப்படவில்லை.

படகின் கதை இதனினும் சிக்கலானது. படகு இழந்தவருக்குப் படகு கொடுப்பது நேரிய செயல். ஆனால் கொடுக்க வந்தவர்கள் பலர்; ஒருவர் கொடுத்ததை மற்றவர் அறியவில்லை. படமெடுப்பதற்கும் கணக்குக் காட்டுவதற்கும் படகைப் போல் எளிதான பொருள் வேறில்லை. சோழமண்டலக் கரையில் கட்டுமரங்கள் இருந்த இடத்தில் கண்ணாடியிழைப் படகுகள் வந்து நிறைந்தன. முன்பு கூலிக்குக் கடலேறியவர்களும் படகில் பங்குபெற்றனர். அதில் ஒரு நீதி இருந்தது, மறுக்கவில்லை. ஆயினும் சில ஊர்களில் படகுகள் பெருகி, ஏறுவதற்கு ஆள் குறைந்தது. நான்கைந்து பேருக்கு ஒன்றாகக் கொடுத்த படகில் எந்திரம் பழுதானால் செலவு யாருடையது? எண்ணெய்க்குப் பணம் யார் போடுவது? இவற்றை யாரும் பேசி வைக்கவில்லை. மலரில் இருப்பது படகுகளின் எண்ணிக்கை மட்டுமே.

வீட்டின் கதையும் அவ்வாறே. 2005 மார்ச் 30 அன்று தமிழக அரசு வெளியிட்ட 172-ஆம் எண் ஆணை, கடலின் உயர்நீர்க் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வாழ்ந்தோருக்கு ஒரு தெரிவை முன்வைத்தது. அதற்கு அப்பால் செல்ல இசைந்தால் ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீடு இலவசம்; இருந்த இடத்திலேயே இருப்பதானால் அரசின் உதவி இல்லை. கட்டிக்கொடுக்கத் தொண்டு நிறுவனங்கள் மாவட்ட ஆட்சியருடன் ஒப்பந்தம் செய்துகொண்டன. நம் மையங்களும் செய்தன. முந்நூறு சதுர அடிக்குச் சற்று மேற்பட்ட பரப்பில் வரிசை வரிசையாகக் கல்வீடுகள் எழுந்தன. கணவன் மனைவி இருவர் பெயரிலும் உரிமை என்பது அந்த ஆணையின் நல்ல கூறு. ஆனால் நிலத்தைச் சமன்செய்வதற்காக நிழல்தந்த மரங்களை வெட்டிய இடங்கள் உண்டு. கரையிலிருந்து தொலைவில் குடியேறிய பெண், விடியுமுன் கரை சேரும் படகிலிருந்து மீனை ஏலத்தில் எடுத்துச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும். வலை எங்கே உலர்வது, கருவாடு எங்கே காய்வது, கடலின் நிறத்தை எங்கிருந்து பார்ப்பது? ஒரு வீட்டுத் திறப்பு விழாவில் என் அருகில் நின்ற முதியவள், “வீடு நல்லாத்தான் இருக்கு சாமி, கடல் சத்தம்தான் கேக்கல” என்றாள். எனக்கு அருகில் நின்ற அருட்தந்தையிடம் அவள் சொன்னது அது. விழா மலர் சில மாதங்களுக்குப் பின் வந்தது. அச்சொல் அதில் இல்லை.

குறைகளை மறைத்தனர் என்று எவர்மீதும் நான் பழி சுமத்தவில்லை. இவ்வகை ஏட்டின் அமைப்பே குறைகூற இடம் தருவதில்லை. கொடுத்தவருக்குக் கொடுத்தது போய்ச் சேர்ந்தது என்று காட்டவே அது பிறந்தது. ஆகவே நான் கேட்பது வேறு: இதனினும் நேர்மையான ஓர் ஏட்டை எழுதும் மரபு நமக்கு இருந்ததா?

இருந்தது. நம் திருவிவிலியத்திலேயே இருக்கிறது. நெகேமியா நூலைச் சொல்கிறேன்.

பாரசீக அரசனுக்குப் பானம் பரிமாறிய நெகேமியா, சூசா நகரில் எருசலேம் மதில் இடிந்து கிடக்கும் செய்தி கேட்டு அழுகிறார், நோன்பிருக்கிறார், ஆணை பெற்று ஊர் வந்து சேர்கிறார். வந்தவுடன் அவர் உரையாற்றவில்லை. மூன்று நாள் பொறுத்து, இரவில், ஒருசிலரோடு, தம் எண்ணத்தை எவரிடமும் வெளியிடாமல் இடிபாடுகளைச் சுற்றிப் பார்க்கிறார். ஓரிடத்தில் அவர் ஏறியிருந்த விலங்கு செல்லவும் வழியில்லை. அங்கே திட்டம் போடுவதற்கு முன் பார்ப்பது நிகழ்கிறது. நம்மிடம் பல இடங்களில் திட்டம் விமானத்தில் வந்து இறங்கியது.

மூன்றாம் அதிகாரத்தைப் பொறுமையோடு படிப்பவர் குறைவு. அது வெறும் பெயர்ப் பட்டியல். தலைமைக் குருவும் குருக்களும் ஒரு வாயிலைக் கட்டினர். அடுத்து இன்னார், அவரையடுத்து இன்னார். பொற்கொல்லர், நறுமணத் தைலம் செய்வோர், வணிகர், சல்லூம் என்னும் தலைவரும் அவர் புதல்வியரும். பலர் தத்தம் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைத் தாங்களே எடுத்துக் கட்டுகிறார்கள். தெக்கோவா ஊரின் பெருமக்கள் தோள்கொடுக்க மறுத்ததும் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. அதே ஊரின் பொதுமக்கள் இரண்டாவதாக வேறொரு பகுதியையும் கட்டியது எழுதப்பட்டிருக்கிறது. இடிபாட்டை அனுபவித்தவர்களே இங்கு எழுவாய். மதிலுக்கு மரம் தரும்படி மடல் வழங்கிய பேரரசனின் பெயரோ இப்பட்டியலில் இல்லை. நம் குடியிருப்புகளின் முகப்பில் பதித்த பளிங்குக் கல்லையும் இந்த அதிகாரத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

எனினும் இந்நூலின் உயிர் ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. மதில் பாதி எழுந்துவிட்டது. பகைவரின் ஏளனமும் அச்சுறுத்தலும் சமாளிக்கப்பட்டுவிட்டன. வேறொரு நூலாசிரியர் என்றால் நேரே திறப்பு விழாவுக்குப் போயிருப்பார். இங்கோ ஒரு கூக்குரல் குறுக்கிடுகிறது. ஆண்களும் அவர்களுடைய மனைவியரும் எழுந்து நிற்கிறார்கள். தானியத்துக்காக வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்துவிட்டோம். அரசனின் வரிக்காகக் கடன் வாங்கினோம். எங்கள் மக்களை அடிமைகளாக விற்கும் நிலைக்கு வந்துவிட்டோம் என்கிறார்கள். யாருக்கு எதிராக? பகைவருக்கு எதிராக அன்று. உடன் நின்று மதில் கட்டும் சொந்த இனத்தாருக்கு எதிராக. நெகேமியா சினம் கொள்கிறார். பின்னர்ச் செய்வதுதான் வியப்பு: தாமும் தம் உறவினரும் கடன் கொடுத்திருப்பதைத் தாமே ஒப்புக்கொள்கிறார். வயல்களையும் வட்டியையும் திருப்பித் தரச் செய்கிறார். குருக்களை அழைத்து அவர்கள் முன்னிலையில் ஆணையிட வைக்கிறார்.

இந்த ஐந்தாம் அதிகாரம் நம் மலர்கள் எவற்றிலும் இல்லை. ஆழிப்பேரலை படகைக் கொண்டுபோயிற்று, கடனைக் கொண்டுபோகவில்லை. வியாபாரியிடமோ தரகரிடமோ முன்பணம் வாங்கியவர் பிடித்த மீனை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே விற்க வேண்டும் என்பது நம் கடற்கரையின் பழைய விலங்கு. இலவசப் படகு கிடைத்தாலும் வலைக்கும் எண்ணெய்க்கும் பணம் வேண்டும். பணம் வேண்டுமெனில் மீண்டும் அதே வாசல். படகு கொடுப்பது ஒரு நாள் வேலை. இந்த விலங்கை அறுப்பது ஒரு தலைமுறையின் வேலை.

நம்மவர் இதை அறியாதவர்கள் அல்லர் என்பதே எனக்கு வருத்தம். திருவனந்தபுரத்துக்கு வடக்கே மரியநாட்டில், 1960-களில், ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவின் முயற்சியால் மீனவர் குடியிருப்பு ஒன்று உருவானது. அங்கே மீனவர்கள் தாங்களே சங்கம் அமைத்து, தங்கள் மீனைத் தாங்களே ஏலமிட்டு, விற்பனையோடு சேமிப்பையும் கடனையும் இணைத்துக்கொண்டனர். அவ்வகைச் சங்கங்கள் கரை நெடுகப் பரவி, 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாயின. கோட்டாறு மறைமாவட்டத்திலும் முட்டத்தில் படகு கட்டும் கூடத்தோடு இத்தகைய முயற்சி வேரூன்றியது. பேரலைக்குப் பின் 2005 தொடக்கத்திலேயே அக்கூட்டமைப்பு நாகைக்குச் சென்று, அங்கிருந்த தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து, ஆட்சியர் அலுவலகத்திலேயே நிவாரணப் பணிகளை ஒருங்கிணைக்கும் மையம் தொடங்க முடிந்ததென்றால், அதற்குப் பின்னால் நாற்பது ஆண்டு ஏலக்கணக்கு இருந்தது. பேரிடர் வருவதற்கு முன்பே தொடங்கிய மறுவாழ்வு அது. அதை எழுதிய மலர் என் பெட்டியில் ஒன்றுகூட இல்லை. சாவி கொடுக்கும் படம் அங்கே கிடைக்காது அல்லவா?

நெகேமியாவைக் குறையற்றவர் என்று காட்டுவது என் நோக்கமன்று. அவருடைய பட்டியல் ஒரு வேலியும் ஆகிறது. எருசலேமில் உங்களுக்குப் பங்கில்லை, உரிமையில்லை என்று சன்பலாற்றுக்கும் அவன் கூட்டத்தாருக்கும் அவர் விடையளிக்கிறார். நூலின் இறுதியில் வேற்றினப் பெண்களை மணந்தவர்கள்மீது அவர் காட்டும் கடுமை படிப்பவரைத் திடுக்கிட வைக்கும். பெயர்களை எழுதி வைக்கும் கைக்கு, பெயர்களை விட்டுவிடவும் தெரியும்.

நம் கடற்கரையிலும் இது நிகழ்ந்தது. நிவாரணம் மீனவர் என்ற பட்டியல் வழியாகச் சென்றது. கடல் புகுந்த வயலில் கூலிவேலை இழந்த தலித் குடும்பங்களும், உப்பங்கழியில் இறால் பிடித்து வாழ்ந்த இருளர் குடும்பங்களும் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. படகில்லாதவருக்குப் படகிழப்பு இல்லை. ஆகவே இழப்பே இல்லை என்றாயிற்று. முகாம்களிலும் உணவு வரிசையிலும் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டது அன்றே பல ஆய்வுகளில் பதிவானது. நம் பங்குகளிலும் பட்டியல் எழுதியது ஊர்க் கமிட்டிதான்; குடும்பப் பதிவேடுதான் அதற்கு அளவுகோல். வாடகைக் குடித்தனக்காரர், கணவனைப் பிரிந்து தாய்வீட்டில் வாழும் பெண், பங்குக்கு வரி செலுத்தாத வீடு, இவர்கள் எந்த வரிசையில் நின்றார்கள் என்று ஒவ்வொரு பங்குப் பேரவையும் தன் பழைய ஏட்டைப் புரட்டிப் பார்க்கலாம்.

இங்கேதான் லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரம் நெகேமியாவுக்கு மறுமொழி கூறுகிறது. சன்பலாற்று யார்? சமாரியாவின் ஆளுநன். நெகேமியா மதிலுக்கு வெளியே நிறுத்திய அந்த நாட்டைச் சேர்ந்த ஒருவனையே, எருசலேமிலிருந்து இறங்கும் வழியில், நம் ஆண்டவர் அயலானாக நிறுத்துகிறார். பட்டியலில் இல்லாதவன் பட்டியல் கேளாமல் குனிகிறான்.

இந்த உவமையின்மீது எத்தனை மறையுரைகள் கேட்டிருப்போம்! 2005-ஆம் ஆண்டில் மட்டும் நான் கேட்டவற்றை எண்ண முடியாது. அனைத்திலும் நாமே நல்ல சமாரியர். அனைத்தும் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்த இடத்தில் முடிந்தன. உவமையோ அங்கே முடியவில்லை. அதற்கு ஒரு மறுநாள் உண்டு. சமாரியர் இரண்டு தெனாரியத்தை எடுத்துச் சாவடிப் பொறுப்பாளரிடம் கொடுக்கிறார். இரண்டு நாள் கூலி அது. மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிவிட்டுப் போகிறார். புண் ஆறும் வரை இராக்கண் விழித்தவர் யார்? கஞ்சி கொடுத்தவர் யார்? எழுந்து நடக்கத் தொடங்கியவன் தன் ஊருக்குப் போகக் கூசியபோது பேச்சுக் கொடுத்தவர் யார்? லூக்கா அதைச் சொல்லவில்லை. சாவடிக்காரருக்கு உவமையில் ஒரு வார்த்தைகூட இல்லை.

பேரிடரில் வெளிநாட்டு நிறுவனங்களும் பிற மாநிலத்து நன்கொடையாளர்களும் சமாரியர் ஆகலாம். அவர்கள் வழிப்போக்கர், போய்த்தான் ஆக வேண்டும். பங்கோ சாவடி. அது ஏற்கெனவே அங்கே இருந்தது. எல்லோரும் போன பின்பும் அங்கேயே இருக்கும். இதை மறந்து நாமும் வழிப்போக்கரின் இலக்கியத்தையே எழுதிக்கொண்டிருந்தோம். மூன்றாண்டுத் திட்டம் முடிந்தது, நிறைவு அறிக்கை அனுப்பியாயிற்று என்றால் சாவடியில் படுத்திருப்பவன் எங்கே போவான்? அவ்வாறே, திரும்பி வந்து தருகிறேன் என்ற சொல்லுக்கும் ஒரு பொருள் உண்டு. கொடுத்தவர் மீண்டும் வந்து, நன்றியுரை கேளாமல், இன்னும் எவ்வளவு செலவாயிற்று என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்க வந்த ஒருவரைப் பற்றியும் எந்த மலரிலும் நான் படித்ததில்லை.

சாவடிக்காரரின் வேலை எத்தகையது என்பதை 2017-இல் ஒருமுறை கண்டோம். நவம்பர் 29, 30 நாட்களில் ஒக்கிப் புயல் குமரி, திருவனந்தபுரம் கடலில் ஆழ்கடல் மீனவர்களை வாரிச் சென்றது. எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பவில்லை என்பதில் அரசின் எண் ஒன்றாகவும் ஊர்களின் எண் ஒன்றாகவும் இருந்தது. அப்போது பங்குகள் வீடு வீடாகச் சென்று பெயர்களை எழுதின. எந்தப் படகு, யார் யார் ஏறினர், எப்போது புறப்பட்டனர் என்று எழுதின. உடல் கிடைக்காதவர் இறந்ததாகக் கொள்ளப்படுவதற்கு ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பது பொதுவிதி. அது தளர்த்தப்பட்டு மனைவியரின் கையில் இழப்பீடு சேர்வதற்கு அப்பெயர்கள் துணைநின்றன. அங்கே வழங்கப்பட்டது என்ற சொல்லுக்கு வேலை இல்லை. பெயர், வயது, படகு, அவ்வளவே. நெகேமியாவின் மூன்றாம் அதிகாரத்துக்கு நெருங்கி வந்த நம் ஏடு அதுதான் என்பது என் எண்ணம். அதை எழுதியவர்கள் இலக்கியம் எழுதுவதாக நினைத்திருக்க மாட்டார்கள்.

நெகேமியாவின் மதில் 52 நாட்களில் முடிந்தது. அது ஆறாம் அதிகாரம். நூலுக்குப் பதின்மூன்று அதிகாரங்கள். மதில் எழுந்த பின் அவர் உள்ளே பார்க்கிறார்: நகர் அகன்று விரிந்திருக்கிறது, மக்களோ சிலர், வீடுகள் கட்டப்படவில்லை. பதின்மருள் ஒருவரைச் சீட்டுப் போட்டுக் குடியேற்ற வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அரசனிடம் போய்த் திரும்பி வரும்போது, லேவியருக்கு உரிய பங்கு கொடுக்கப்படாமல் அவர்கள் வயல் வேலைக்குப் போய்விட்டதைக் காண்கிறார். மீண்டும் தொடக்கத்திலிருந்து கணக்குக் கேட்கிறார்.

அந்த முதியவள் இப்போது இல்லை என்று கேள்விப்பட்டேன். அவளுக்குக் கிடைத்த வீட்டில் மகளின் குடும்பம் வாழ்கிறது. ஒன்றரை லட்ச ரூபாய் வீட்டின் கூரையில் உப்புக்காற்று பட்டுக் கம்பிகள் துருத்தி நிற்கின்றன. வீட்டு முகப்பில் இருந்த பளிங்குக் கல்லில் எழுத்துகள் மங்கிவிட்டன. கூரையைப் பழுதுபார்க்க யாரிடம் கேட்பது என்று மகள் பங்குத்தந்தையிடம் விசாரித்திருக்கிறாள். அவர் இவ்வூருக்கு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. பழைய கோப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்.